நம்பர் கேர்ள்: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

அனிமே வழியாக ஜப்பானிய ராக் பக்கம் வந்தவர்களுக்கு ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன் தெரியாமல் இருக்காது. நருட்டோவின் இரண்டாவது ஓப்பனிங் அவர்களுடையது. 'பொச்சி தி ராக்' பார்த்தவர்கள், அதில் வரும் நான்கு பெண்களின் குடும்பப் பெயர்களும் இந்த பேண்டின் நான்கு பேரிடமிருந்து எடுத்தவை என்றும் எங்காவது படித்திருப்பார்கள். இவர்களுடைய 2003 ஆல்பத்தில் 'என்.ஜி.எஸ்.' என்று ஒரு பாட்டு உண்டு. விரித்தால் 'நம்பர் கேர்ள் சிண்ட்ரோம்'. இன்னொரு பேண்டின் மீதான பைத்தியத்தை நோய் என்றே அறிவித்துவிட்ட பாட்டு. அப்படி என்னதான் இருக்கிறது என்று அந்தப் பெயரைத் தேடிப் போனால் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: எதை முதலில் போடுவது?

கடல் அளவுக்கு எல்லாம் இல்லை. ஸ்டுடியோ ஆல்பங்கள் நான்குதான். பேண்ட் இயங்கிக்கொண்டிருந்தபோது வந்த லைவ் ஆல்பம் ஒன்று, கலைந்த பிறகு வந்த கடைசிக் கச்சேரி ஒன்று. அப்புறம் தொகுப்புகள், பழைய கச்சேரிப் பதிவுகள், மறுபடி சேர்ந்த காலத்துப் பதிவுகள். ஆனால் நான்கு ஸ்டுடியோ ஆல்பமும் நான்கு விதம். ஒன்றைக் கேட்டுவிட்டு 'இவ்வளவுதானா' என்று போனவர் இன்னொன்றைக் கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார். ஆகவே தொடக்கம் கொஞ்சம் முக்கியம்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த பேண்டைப் பொறுத்தவரை எந்த ஆல்பத்தில் நல்ல பாட்டு அதிகம் என்று எண்ணிப் பார்ப்பதில் பயன் இல்லை. நான்கு பேர் ஓர் அறையில் எழுப்பும் சத்தத்தை யார், எப்படிப் பிடித்தார்கள் என்பதைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். அந்தக் கணக்கில், இணையத்தில் எல்லோரும் முதலில் நீட்டும் ஆல்பத்தை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

அந்த நான்கு பேர் யார் என்று பார்த்துவிடலாம். 1995இல் ஃபுகுவோக்காவில் தொடங்கிய பேண்ட். குரலும் கிட்டாரும் முகாய் ஷூதொகு. கண்ணாடியும் சாதாரணச் சட்டையுமாக, ஏதோ அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு நேராக மேடைக்கு வந்தவர் போல இருப்பார். வாயைத் திறந்தால் தொண்டை கிழியும். பேஸ் நகாவோ கென்தாரோ. முகாய் அதற்கு முன் நடத்திய 'நம்பர் ஃபைவ்', நகாவோ இருந்த 'கவ்கேர்ள்', இரண்டிலிருந்தும் பாதி பாதி எடுத்து ஒட்டியதுதான் பேண்டின் பெயர். இன்னொரு கிட்டார் தபூச்சி ஹிசாகோ, நால்வரில் ஒரே பெண். டிரம்ஸ் அஹிதோ இனசாவா. பிறகு தோக்கியோவுக்குக் குடிபோய்ப் பெரிய கம்பெனியில் சேர்ந்தும், மேடையில் முகாய் தங்களை ஃபுகுவோக்கா நகரத்து ஹகாத்தா வார்டிலிருந்து வந்தவர்கள் என்றுதான் அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

இவர்களில் பக்கவாத்தியம் என்று யாரும் கிடையாது. முகாயின் டெலிகாஸ்டர் கிட்டார் தகரத்தைக் கிழிப்பதுபோல ஸ்வரக்கட்டுகளை வெட்டிப் போடும். தபூச்சியின் ஜாஸ்மாஸ்டர் அதற்கு மேலே ஊளையிடும். நகாவோ பேஸை அடியில் முனக விடுவதில்லை; அதுவும் மூன்றாவது கிட்டார் மாதிரி முன்னால் வந்து நிற்கும். இனசாவா ஓர் இடைவெளி கிடைத்தால் விடமாட்டார், நாலு அடி போட வேண்டிய இடத்தில் பதினாறு போடுவார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் முன்வரிசைக்கு வரும் இந்தக் கூட்டத்தைப் பதிவில் எங்கே உட்கார வைப்பது என்பதுதான் ஒவ்வொரு ஆல்பத்தின் பிரச்சினையும்.

முதல் ஆல்பம் 1997இல் சிறு லேபிளில் வந்த 'ஸ்கூல் கேர்ள் பை பை'. இதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 'ஒமொய்தே இன் மை ஹெட்', 'இக்கி பாப் ஃபேன் கிளப்' என்று கடைசிவரை மேடையில் கூடவே வந்த பாட்டுகள் இதில்தான் பிறந்தன. மெட்டுகள் இனிமையானவை. அமெரிக்கக் கல்லூரி ரேடியோ ராக்கைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் முகம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அடி இன்னும் விழவில்லை. பின்னால் வந்த மேடை வடிவங்களைக் கேட்டுவிட்டு இதற்கு வந்தால் ஒரு பிரியமான பழைய போட்டோவைப் பார்க்கிற சுகம் கிடைக்கும். இதிலேயே தொடங்கினால் அந்த சுகமும் போய்விடும். கடைசிக்கு வையுங்கள்.

அடுத்ததுதான் எல்லோரும் சொல்வது. 1999 மே மாதம் தொஷிபா-இஎம்ஐ என்ற பெரிய கம்பெனி வழியாக 'தோமெய் ஷோஜோ' சிங்கிள், ஜூலையில் 'ஸ்கூல் கேர்ள் டிஸ்டார்ஷனல் அடிக்ட்'. பத்தே பாட்டு. தலைப்பிலேயே 'டிஸ்டார்ஷன்' இருப்பது சும்மா இல்லை. ஒரு பாட்டின் பெயர் 'பிக்சி டூ'; பிக்சீஸ், ஹஸ்கர் டூ என்ற இரண்டு அமெரிக்க பேண்டுகளை ஒட்டுப்போட்டது. எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைக்கிற பழக்கம் இவர்களுக்குக் கிடையாது. பாடல்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரு வெயில் காலம், ஒரு நகரத்துத் தெரு, அதில் தனியே நடந்துபோகும் ஓர் இளம்பெண், அவளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவன்.

'தோமெய் ஷோஜோ' தொடங்கும் விதத்தை மட்டும் நிதானமாகக் கேளுங்கள். முதலில் கிட்டார் தனியாக, பளீரென்று, கொஞ்சம் அவசரமாக. ஒரு கணம் அது பாப் பாட்டாகப் போய்விடும் போலத்தான் இருக்கும். டிரம்ஸும் மற்ற இருவரும் உள்ளே விழுந்ததும் எல்லாம் ஒரே சுவராகிவிடும். முகாயின் குரல் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்து வரும். கத்துகிறார், ஆனால் நமக்குக் கேட்பது பக்கத்துத் தெருவில் யாரோ கத்துவதுபோல.

இந்த ஆல்பத்தின் அழகு அதுதான், முதல்முறை கேட்பவருக்குச் சிக்கலும் அதுதான். நம் காது சினிமாப் பாட்டில் வளர்ந்த காது. குரல் முன்னால் நிற்கும், மற்றதெல்லாம் அதற்கு விசிறி வீசும். மொழியும் தெரியாத இடத்தில், குரலையும் சத்தத்துக்குள் புதைத்துவிட்டால் பிடிமானத்துக்கு என்ன இருக்கிறது? ஒலி முழுக்க மேல் ஸ்தாயியில் பளபளவென்று கூசும். மலிவான இயர்போனில் மூன்று பாட்டுக்குள் காது களைத்துவிடும். இதைத் தாண்டி வந்தவர்களுக்கு இது உயிர். கிட்டார் இரைச்சல் ஏற்கெனவே பழக்கமானவர், சோனிக் யூத் மாதிரி பேண்டுகளை எல்லாம் கேட்டவர் என்றால் தாராளமாக இதிலேயே தொடங்கலாம். மற்றவர்கள் 'தோமெய் ஷோஜோ' ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு, ஆல்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எதில் தொடங்குவது? அதே 1999 டிசம்பரில் வந்த லைவ் ஆல்பம், 'ஷிபுயா ராக்டிரான்ஸ்ஃபார்ம்ட் ஜோதாய்'. தோக்கியோவின் ஷிபுயா பகுதியில் இருக்கும் கிளப் குவாட்ரோ அரங்கில் பிடித்தது. முதல் இரண்டு ஆல்பங்களின் பாட்டுகள்தான் இதன் பெரும்பகுதி. ஆக, மேலே சொன்ன இரண்டில் எதை எடுப்பது என்ற கேள்வியையே இது தேவையில்லாமல் செய்துவிடுகிறது. ஸ்டுடியோவில் சுவராக இருந்தது இங்கே நான்கு ஆட்களாகப் பிரிகிறது. யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று தெரிகிறது. இனசாவா முன்னால் ஓட, மற்ற மூவரும் அவரைப் பிடிக்க ஓடும் அந்த வேகம் ஸ்டுடியோவில் கிடைக்கவே இல்லை. முகாயின் குரல் அங்கங்கே சுருதி விலகும், மூச்சு வாங்கும். இருக்கட்டும். மொழி தெரியாதவனுக்கு அந்த மூச்சு வாங்குவதுதான் முதல் பிடி.

லைவ் ஆல்பத்தில் தொடங்கு என்பது வழக்கமான யோசனை இல்லை என்று தெரியும். பொதுவாக லைவ் ஆல்பம் என்றால் பாட்டு ஏற்கெனவே மனப்பாடமான ரசிகனுக்கான உபரி. இங்கே அது தலைகீழ். இவர்கள் கிளப்களில் வாசித்து வாசித்து உருவான பேண்ட். பாட்டு மேடையில்தான் முழு உருவம் எடுக்கும். 'ஒமொய்தே இன் மை ஹெட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 ஸ்டுடியோ வடிவத்தில் அது ஒரு நல்ல பாட்டு. மேடையில் அது ஒரு சடங்கு: முகாய் டிரம்மரின் பெயரை அறிவிப்புக்காரர் தொனியில் முழுசாகச் சொல்வார், இனசாவா ஆரம்பிப்பார், கூட்டம் எகிறும். பெயர் சொல்லி அழைத்துத் தொடங்கும் மரியாதை பாடகருக்கோ கிட்டாருக்கோ இல்லை, டிரம்ஸுக்கு. இதிலேயே தெரிந்துவிடும் இந்த பேண்டில் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று.

ஷிபுயாவுக்குப் பிறகு நேராக 'சப்புகேய்'. 2000 ஜூலையில் வந்தது. நான்கு ஸ்டுடியோ ஆல்பங்களில் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வைத்துக்கொள்வது இதைத்தான். இதற்காக அவர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். நியூயார்க் மாநிலத்தில் கசடாகா என்ற சின்ன ஊரில் தயாரிப்பாளர் டேவ் ஃப்ரிட்மனின் டார்பாக்ஸ் ரோடு ஸ்டுடியோ. ஃப்ரிட்மன் மெர்குரி ரெவ் பேண்டில் பேஸ் வாசித்தவர். ஃபிளேமிங் லிப்ஸ், மொக்வாய் எல்லாம் அவர் கைபட்டவர்கள். அவருடைய வேலையின் அடையாளம் டிரம்ஸ்: பெரிதாக, ஓரம் கொஞ்சம் உடைந்து நொறுங்க, அறையே அதிர்கிற மாதிரி பிடிப்பார். இனசாவா மாதிரி ஒரு டிரம்மரை அவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? 'ஜெகென் வெர்சஸ் அண்டர்கவர்' கேட்டால் தெரிந்துவிடும்.

முக்கியமான மாற்றம் சத்தம் கூடியது இல்லை. சத்தத்துக்கு நடுவே இடம் கிடைத்தது. முந்தைய ஆல்பத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொண்டார்கள். இங்கே பேஸுக்கு ஒரு மூலை, ஒவ்வொரு கிட்டாருக்கும் ஒரு பக்கம், நடுவில் டிரம்ஸ். குரல் சுவருக்குப் பின்னாலிருந்து அறைக்குள் வந்துவிட்டது. கூடவே பாட்டின் உலகமும் மாறுகிறது. வெயில் கால ஏக்கம் குறைந்து நகரம் உள்ளே வருகிறது: கான்கிரீட், இரவு, முகம் தெரியாத கூட்டம், எப்போது வேண்டுமானாலும் அடிதடி ஆகிவிடும் என்ற ஒரு பதற்றம்.

இதில் 'டாட்டூ ஆரி' என்று ஒரு பாட்டு. அதன் கடைசிப் பகுதிக்காகவே இந்த ஆல்பத்தை ஒருவருக்குப் பரிந்துரைக்கலாம். பாடி முடித்ததும் முகாய் ஒதுங்கிக்கொள்கிறார். தபூச்சியின் கிட்டார் பொறுப்பெடுக்கிறது. விரல் வேகத்தைக் காட்டும் சோலோ கிடையாது. நாலைந்து ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, வளைத்து, இழுத்து, கிட்டாரிலிருந்து அது அறுந்துவிடுமோ என்கிற இடம்வரை கொண்டுபோகிறார். கீழே இனசாவா தானும் ஒரு சோலோ வாசிப்பதுபோலத்தான் அடித்துக்கொண்டிருக்கிறார். மேடையில் தபூச்சி இதை வாசிக்கும் காணொளிகளைப் பார்த்தால் இன்னொரு ஆச்சரியம்: முகத்தில் பெரிய அலட்டல் எதுவும் இருக்காது, தலைமுடி முகத்தை மறைக்க, குனிந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பிறகு ஜாஸ்மாஸ்டரைத் தூக்கிய ஜப்பானியப் பெண்கள் பலர். அந்த வரிசை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் இந்தப் பாட்டைத்தான் நான் காட்டுவேன்.

சரி, அப்படியானால் 'சப்புகேய்'தானே முதலில் வர வேண்டும், ஷிபுயா எதற்கு என்று கேட்கலாம். கேட்கலாம்தான். மெட்டைத் தேடும் காது உள்ளவருக்கு ஷிபுயாவில் காதில் மாட்டும் கொக்கிகள் அதிகம். 'சப்புகேய்' கொஞ்சம் முறைத்துக்கொண்டு நிற்கும் ஆல்பம். மாறாக, பதிவின் தரம் முக்கியம், லைவ் என்றாலே ஒவ்வாது என்பவர் 'சப்புகேய்' எடுத்துக்கொள்ளட்டும். இரண்டில் எதில் தொடங்கினாலும் கெடுதல் இல்லை.

கெடுதல் வர வாய்ப்புள்ள இடம் கடைசி ஆல்பம். 2002 ஏப்ரலில் வந்த 'நம்-ஹெவிமெட்டாலிக்'. மறுபடியும் ஃப்ரிட்மன்தான், ஆனால் பேண்ட் வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஜமைக்காவில் பிறந்த டப் இசையின் எதிரொலியும் வெற்றிடமும், ஹிப்-ஹாப்பின் பேச்சுநடையும், ஜப்பானியத் திருவிழா மேளத்தின் தாளமும் ஒன்றாகக் கலக்கின்றன. 'நம்-அமி-தபுட்ஸ்' என்ற சிங்கிளின் தலைப்பே அமிதாப புத்தரை அழைக்கும் ஜபத்தைக் கோணலாக எழுதியது. அதில் முகாய் பாடவில்லை. ஒரு குடிகாரச் சாமியார் தெருமுனையில் நின்று நகரத்துக்குச் சாபம் கொடுப்பதுபோல மளமளவென்று ஒப்பிக்கிறார். தபூச்சியின் கிட்டார் துண்டு துண்டாக வெட்டுகிறது. அடுத்த பக்கம் 'டிலேய்ட் பிரெய்ன்' மெதுவாக, பாதி தூக்கத்தில், எதிரொலிக்குள் மிதக்கிறது. ஒரே ஆல்பம்தானா என்று பெட்டியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும்.

துணிச்சலில் இதுதான் உச்சம் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் 1999இன் வேகத்தைத் தேடி வந்தவருக்கு இது முதல் ஆல்பமாக அமைந்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதல் மூன்றையும் கேட்ட பிறகு, இவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்று தெரிந்து கேட்கும்போதுதான் இதன் கனம் புரிகிறது. விதிவிலக்கு ஒன்று: ராக் பெரிதாகப் பிடிக்காது, டப்பும் ராப்பும் பிடிக்கும் என்பவருக்கு இதுவே சரியான வாசல். அவர் பழையவற்றைக் கேட்காமலே கூட இருந்துவிடலாம்.

இந்த ஆல்பம் வந்த அதே ஆண்டு பேண்ட் கலைந்தது. நகாவோ விலக முடிவு செய்தார். வேறு ஆளைப் போட்டு ஓட்ட மற்றவர்களுக்கு மனம் இல்லை. மேலே சொன்ன அந்த நால்வர் கணக்கில் ஒருவரை மாற்றினால் அது வேறு பேண்ட், அது அவர்களுக்கே தெரிந்திருந்தது. 2002 நவம்பர் 30, சப்போரோவின் பென்னி லேன் 24 என்ற அரங்கில் கடைசிக் கச்சேரி. அதுதான் 2003இல் வந்த 'சப்போரோ ஒமொய்தே இன் மை ஹெட் ஜோதாய்', இரண்டு சிடி.

இதையும் ஷிபுயாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பலர் குழம்புவார்கள். சப்போரோவில் நான்கு ஆல்பத்துப் பாட்டும் உண்டு. வாசிப்பும் மூன்று வருடம் முற்றியது. ஒரே ஒரு வெளியீட்டில் முழு வரலாறும் வேண்டும், வேறெதையும் தேடப் போவதில்லை என்பவருக்கு இதுதான் கணக்காகச் சரி. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. பிரியப் போகிறவர்களின் கச்சேரி என்பது தெரிந்தே கேட்கிறோம்; ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தக் கனம் ஏறிவிடுகிறது. முதல்முறை கேட்பவருக்கு அந்தப் பாரம் வேண்டாமே. ஷிபுயாவில் அவர்களுக்கு எதிர்காலம் இருக்கிறது, அந்தத் திமிர் சத்தத்தில் தெரிகிறது. கடைசி ஆல்பத்துப் பாட்டுகளை மேடை வடிவில் கேட்க விரும்புபவர்களுக்கு 2002 மே மாதம் தோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கில் நடந்த கச்சேரி இருக்கிறது; 'கன்தென் நோ கியோக்கு' என்ற பெயரில் 2019இல் வெளியிட்டார்கள். 2005இல் வந்த பெஸ்ட் தொகுப்பைப் பற்றி ஒரு வரி போதும்: பாட்டுகள் நல்லவை, ஆனால் வெவ்வேறு அறைகளில் பிடித்த சத்தங்களை அடுத்தடுத்துக் கோத்தால் இந்த பேண்டின் கதை புரியாது.

2019இல் மறுபடி சேர்ந்தார்கள். அதற்கு முகாய் விட்ட அறிக்கை இந்த வகையில் நான் படித்தவற்றிலேயே நேர்மையானது: முந்தைய வருடக் கோடையின் தொடக்கத்தில் போதையில் இருந்தபோது, ரைசிங் சன் விழாவில் இவர்களோடு மறுபடி வாசிக்க வேண்டும் என்று தோன்றியதாம், கூடவே நாலு காசு பார்க்கலாம் என்றும் தோன்றியதாம், ஃபோன் போட்டாராம். ரைசிங் சன் நடப்பது ஹொக்கைடோவில், சப்போரோவுக்குப் பக்கத்தில், அதாவது முடித்த இடத்திலேயே மறுபடி தொடங்கும் திட்டம். அந்த ஆகஸ்டில் புயல் வந்து அவர்கள் வாசிக்க வேண்டிய நாளே ரத்தானது. 2020 மார்ச் 1இல் செப் தோக்கியோ அரங்கில் கொரோனாவால் ஆளே இல்லாமல் வாசித்து நேரலையில் காட்டினார்கள். ஒருவழியாக 2022 ஆகஸ்டில் ரைசிங் சன் மேடை ஏறினார்கள். ஏறிய கையோடு மறுபடி கலைவதாக அறிவித்தார்கள். டிசம்பர் 11, யோகோஹாமாவின் பியா அரீனாவில் இரண்டாவது முடிவு.

இந்தக் காலத்துப் பதிவுகள் ஒலியில் சுத்தமானவை. கைகளும் பக்குவப்பட்டவை. ஆனால் இவை ஏற்கெனவே பழகியவர்களுக்கானவை; ஐம்பதை நெருங்கும் ஆட்கள் இருபத்தைந்து வயதுப் பாட்டுகளை என்ன செய்கிறார்கள் என்று பார்க்கும் ஆர்வம் முதலில் வர வேண்டும். புதிதாக வருபவர் கடைசியில் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆக, என் வரிசை ஷிபுயா, 'சப்புகேய்', 'டிஸ்டார்ஷனல் அடிக்ட்', 'நம்-ஹெவிமெட்டாலிக்', சப்போரோ, பிறகு 'பை பை'. நடுவில் ஏதாவது ஒன்றில் நின்றுவிட்டால் கட்டாயப்படுத்தி மேலே போக வேண்டாம். பக்கவாட்டில் வழி இருக்கிறது. 'நம்-ஹெவிமெட்டாலிக்'தான் பிடித்தது என்றால் முகாய் 2003இல் தொடங்கிய சாசென் பாய்ஸுக்குப் போங்கள். அந்தப் பேச்சுநடையும் வெட்டுத் தாளமும் அங்கே முழு நேரத் தொழிலாகிவிட்டன. 2024இல் பன்னிரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு 'ராண்டோ' என்று ஓர் ஆல்பமும் கொடுத்திருக்கிறார்கள். 'டாட்டூ ஆரி'யின் கிட்டார்தான் விடமாட்டேன் என்கிறது என்றால், தபூச்சி 2003இல் போய்ச் சேர்ந்த பிளட்தர்ஸ்டி புச்சர்ஸின் அந்தக் காலத்து ஆல்பங்களைத் தேடுங்கள். நம்பர் கேர்ளுக்கு முன்னாலிருந்தே வாசித்துக்கொண்டிருந்த, முகாயே ரசித்த சப்போரோ பேண்ட் அது. தபூச்சி பாடியும் கேட்க வேண்டும் என்றால் அவருடைய 'டாடில்' பேண்ட்.